துருப்பிடித்த சவரக்கத்தியும் புதுப் பிடியும்

11 ஜூன் 2023, காலை: வள்ளியூர் வாசகர் கேட்டது

"அண்ணாச்சி, எங்க தாத்தா அடப்பத்துல (சவரச் சாமான் பையில) இருந்து ஒரு மடக்குக் கத்தி கெடச்சிருக்கு. ஒரே துரு. பிடி ஒரு பக்கம் வெடிச்சிருக்கு. பாத்திரத்துக்கு மெருகு போடுத பட்டறையில குடுத்தா அரை மணி நேரத்துல கண்ணாடி மாதிரி ஆக்கித் தந்துருவோம்னு சொல்லுதாவ. பிடிக்கு மச்சான் ஒரு மான்கொம்பு தாரேங்காரு. துரு போனாத்தானே கத்தி? குடுத்துரலாமா?"

11 ஜூன் 2023, இரவு

கொடுக்காதீர்கள் தம்பி. அந்தச் சக்கரம் பித்தளைக் குடத்துக்கு உண்டானது. சவரக்கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, காகிதத்தை விட மெல்லியது, சக்கரத்தில் பிடித்த சில நொடியில் சூடேறிவிடும். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உருக்கு வைக்கோல் நிறத்துக்குத் திரும்பும், 300 பக்கம் போனால் நீலம். நீலம் கண்ட வாய் அதன் பிறகு கூர் தாங்காது. எந்தக் கல்லில் தீட்டினாலும் தாங்காது. துணிச்சக்கரம் கத்தியைப் பிடுங்கி வீசும் ஆபத்தும் இருக்கிறது. பட்டறைக்காரர் விரலையும் நினைத்துப் பாருங்கள்.

மான்கொம்பு வேண்டவே வேண்டாம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நாம் இதைச் செய்யக்கூடாது. புள்ளிமானோ மிளாவோ, உரிமைச் சான்று இல்லாமல் கொம்பை வைத்திருப்பதே 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தந்தம், ஆமை ஓடு எல்லாம் அதே கணக்குத்தான். மச்சானிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

கத்தியைப் படம் எடுத்துப் போடுங்கள். இரண்டு பக்கமும், வால் (கத்தி பிடியோடு ஆணியில் கோக்கப்படும் முனை) அருகில் உள்ள எழுத்தும் தெரிய வேண்டும்.

14 ஜூன் 2023

படங்கள் பார்த்தேன். நட்சத்திரமும் மால்டா சிலுவையும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் முத்திரை அது. பழைய நாவிதர்கள் பெரிதாக மதித்த கத்தி. நல்ல சொத்து உங்கள் கையில் இருக்கிறது.

இப்போது உப்புத்தாளைத் தொடாமல் மூன்று காரியம் பாருங்கள். முதலாவது, கத்தியைத் திறந்து பின்னால் விளக்கை வைத்து வாயோரம் முழுக்க விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். வாயிலிருந்து முதுகை நோக்கி ஒரு மயிர் அளவு விரிசல் ஏறியிருந்தாலும் அது சவரத்துக்கு ஆகாது. சுத்தம் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இரண்டாவது, துரு செம்மண் நிறமா, கறுப்பா? சிவப்பு தின்றுகொண்டிருக்கிற துரு. கறுப்பு படிந்து அடங்கிவிட்ட துரு. கறுப்பை அப்படியே விடுவது என் வழக்கம். மூன்றாவது, குழிகள் எங்கே இருக்கின்றன? முதுகுப் பக்கக் குழி கத்தியை ஒன்றும் செய்யாது. வாயிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்குள் இருப்பவைதான் எமன். தீட்டத் தீட்ட வாய் அந்தக் குழிக்குள் போய் விழும்.

உங்கள் படத்தில் இன்னொன்று தெரிகிறது. பிடி மூடுகிற இடத்தில் மட்டும்தான் துரு, வால் சுத்தமாக இருக்கிறது. பிடி புலித்தோல் மாதிரி மஞ்சளும் பழுப்புமாக வரியோடியிருக்கிறது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து மோந்து பாருங்கள். கற்பூர வாடை வந்தால் செல்லுலாய்டு. தீயில் காட்டிப் பார்க்கச் சொல்லும் ஆட்கள் உண்டு, கேட்காதீர்கள். பொசுக்கென்று பற்றிக்கொள்ளும்.

14 ஜூன் 2023, சற்றுக் கழித்து

செல்லுலாய்டு பற்றிச் சொல்லாமல் விட்டது: அது நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்த்துச் செய்தது. வயதானால் மெல்ல மெல்ல அமில ஆவி கக்கும். பிடிக்குள் மடங்கிக் கிடக்கும் உருக்கை அந்த ஆவிதான் தின்கிறது. ஆகவே தாத்தா கத்தியை ஈரத்தில் போட்டுவிட்டார் என்று வருத்தப்படாதீர்கள். அவர் துடைத்துத்தான் வைத்திருப்பார். பிடியே கத்தியைத் தின்றிருக்கிறது. அந்தப் பிடியைக் கழற்றித் தனியாக, காற்றாடுகிற இடத்தில் வையுங்கள். வேறு கத்திகளோடு ஒரே டப்பாவில் போட்டால் அவற்றுக்கும் தொற்றும்.

2 ஜூலை 2023

கற்பூர வாடை வந்ததாம். சரி, பிடியைக் கழற்றுவோம். ஆணியின் தலையை அரத்தால் மட்டமாகத் தேய்த்து, பின்புறமிருந்து மெல்லிய ஊசிப்பொறியால் (பின் பஞ்ச்) தட்டுங்கள். வாயில் மாஸ்கிங் டேப் இரண்டு சுற்று ஒட்டிவிட்டுத்தான் எந்த வேலையும். துருப்பிடித்த கத்திதானே என்று அசட்டையாக இருந்தால் விரல் போய்விடும்.

துருவுக்கு: தையல் மிஷின் எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறட்டும். காலையில் மழுங்கிய பிளேடைப் படுக்கையாகப் பிடித்துச் சுரண்டினால் சிவப்புத் துருவில் பாதிக்கு மேல் பொடியாக வந்துவிடும். பிறகு வாட்டர் பேப்பர். எண் ஏற ஏறத் தாளின் சொரசொரப்பு குறையும். எல்லோரும் 220-ல் ஆரம்பிப்பார்கள். நான் 600-ல் ஆரம்பித்து, போதவில்லை என்றால் மட்டும் 400-க்கு இறங்குவேன். எண்ணெய் தொட்டு, முதுகிலிருந்து வாயை நோக்கி ஒரே திசையில் இழுங்கள். வாயைத் தாண்டி இழுக்க வேண்டாம். 1000, 2000 என்று ஏறி நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதில் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கத்தியில் இருக்கிற உருக்கு ஒரு முறைதான் கொடுக்கப்பட்டது. நாம் எடுத்தால் திரும்ப வராது. பிடியை இன்னும் நூறு முறை மாற்றலாம். ஆகவே கத்தியிடம் கஞ்சத்தனம், பிடியிடம் தாராளம். முதுகைக் கண்ணாடி ஆக்குகிற ஆசைதான் பாதிக் கத்திகளைக் கெடுக்கிறது. கல்லில் வைக்கும்போது முதுகும் வாயும் ஒருசேரப் படிய வேண்டும், முதுகின் தடிமன்தான் கோணத்தைத் தீர்மானிக்கிறது. 19 மில்லிமீட்டர் அகலக் கத்திக்கு முதுகு 5 மில்லிமீட்டர் என்றால் வாயின் கோணம் ஏறத்தாழ 15 டிகிரி. முதுகைத் தேய்த்து 4 ஆக்கிவிட்டால் 12 டிகிரி. அந்த வாய் தாடி பட்டதும் நொறுங்கும்.

எழுத்து பொறித்த இடத்தில் உப்புத்தாள் படவே கூடாது. அங்கே வெறும் எண்ணெயும் துணியும்.

9 ஜூலை 2023

தென்காசி நண்பருக்கு: சாரல் காலத்தில் திறந்த வராந்தாவில் இந்த வேலை வேண்டாம். சுத்தம் செய்த உருக்கு ஒரு மதியத்தில் மறுபடி சிவக்கும். கை வியர்வையும் உப்புத்தான். வேலையை நிறுத்தும்போதெல்லாம் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு.

13 ஆகஸ்ட் 2023

பாளையங்கோட்டை வாசகர் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார்: "உருக்கு நம்ம தேசத்துச் சரக்கு, ஷெஃபீல்டுக்காரனை ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்?"

நியாயமான கேள்வி. தென்னிந்திய உருக்குக் கட்டிகள் லண்டனுக்குப் போனது உண்மை. ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்ற கத்தி வினைஞர் அந்த உருக்கைப் பெரிதாக மதித்தார். அவரும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து அதன் இரகசியம் என்ன என்று ஆராய்ந்து 1820-லும் 1822-லும் கட்டுரை வெளியிட்டார்கள். உருக்கில் ஐந்நூறில் ஒரு பங்கு வெள்ளி சேர்த்துப் பார்த்தது அந்த ஆராய்ச்சியில்தான். பின்னால் வந்த ஷெஃபீல்டு கத்திகள் பலவற்றில் 'சில்வர் ஸ்டீல்' என்று பொறித்திருப்பதை அந்தப் பெயரின் பெருமை என்று எடுத்துக்கொள்ளுங்கள், வெள்ளி இருக்கிறது என்று நம்பி அதிக விலை கொடுக்காதீர்கள்.

நம் ஊர் இரும்பைப் பார்க்க ஆதிச்சநல்லூர் போகலாம். தொல்லியல்காரர் அலெக்சாண்டர் ரீ 1899-லிருந்து தோண்டியபோது அங்குள்ள பரம்பு மேட்டிலிருந்து இரும்பு ஆயுதங்கள் வந்தன. இந்த மாதம்தான் அங்கே குழிகளுக்கு மேலேயே கண்ணாடி போட்டுக் காட்சி திறந்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். தொல்லியல்காரர்கள் இரும்பை எப்படி வைக்கிறார்கள் என்று கவனியுங்கள். யாரும் அதைப் பளபளப்பாக்குவதில்லை. மேலும் கெடாமல் நிறுத்துகிறார்கள். நான் ஜூலையில் சொன்னதும் இதுதான்.

27 ஆகஸ்ட் 2023

இனி பிடி. இதைப் பற்றி எழுத எனக்குக் கை துறுதுறுவென்றிருந்தது.

நான் முதலில் சொல்வது எருமைக் கொம்பு. மேலப்பாளையம் பக்கம் கறிக்கடைகளில் சொல்லி வைத்தால் கிடைக்கும். ஷெஃபீல்டுக்காரர்களும் கொம்பைத்தான் ஏராளமாகப் பயன்படுத்தினார்கள். நுனி கெட்டி, அடி பொள்ளல். பிடிக்கு வேண்டியது நடுப்பகுதியின் சுவர். நீளவாக்கில் ஆக்ஸா பிளேடால் பிளந்து, கொதிக்கிற வெந்நீரில் போட்டு இளக்கி, இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவே சி-கிளாம்ப் போட்டு நெருக்கினால் பலகையாக வரும். ஆறியதும் எடுத்துவிடாதீர்கள், நாள்கணக்கில் அப்படியே கிடக்கட்டும். பிறகு 3 மில்லிமீட்டருக்கு இழைத்தால் போதும். தேய்க்கும்போது முடி கருகும் நாற்றம் வரும், வீட்டில் திட்டுவார்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்வது கட்டாயம்.

மெருகேறிய எருமைக் கொம்புக்குள் வெளிச்சம் படும்போது தேன் நிறத்தில் ஒரு கீற்று தெரியும். அதற்காகவே எத்தனை நாள் வேண்டுமானாலும் தேய்க்கலாம்.

அடுத்தது பனை. கரிசல் காட்டிலும் தேரியிலும் இவ்வளவு பனை இருக்க, ரோஸ்வுட் எங்கே கிடைக்கும் என்று ஏன் கேட்கிறீர்கள்? இதற்காக மரம் வெட்ட வேண்டியதில்லை. பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசே அறிவித்துவிட்டது. பழைய ஓட்டு வீடு பிரிக்கிற இடத்தில் பனங்கை கேளுங்கள். ஒரு தலைமுறை வெயிலும் புகையும் தின்று காய்ந்த வைரம். கறுப்பு நாரும் தவிட்டு நிறச் சோறும் கலந்த கட்டை அது. நார் கெட்டி, சோறு மெத்து. வெறுங்கையால் உப்புத்தாள் போட்டால் சோறு குழிந்து நார் மட்டும் எழும்பி நிற்கும். தாளை ஒரு சமமான மரக்கட்டையில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். முதலில் ஃபெவிக்விக் மாதிரித் தண்ணியான பசையை ஊறவிட்டுக் காயவைத்தால் சோறும் கெட்டிப்படும், சிலாம்பும் எழும்பாது. பனஞ்சிலாம்பு கையில் ஏறினால் சீழ் வைக்காமல் போகாது.

பூவரசும் நன்றாக வரும். வேம்பு வேண்டாம், பிளக்கிறது.

10 செப்டம்பர் 2023

அம்பாசமுத்திரம் வாசகர் மரச்சொப்புக்குப் போடுகிற அரக்கு மெருகைப் பிடிக்குப் போடலாமா என்று கேட்டார். அழகான யோசனை, ஆனால் கடைசலில் கட்டை சுற்றும் சூட்டில்தான் அரக்கு உருகிப் பிடிக்கிறது. தட்டையான பலகையில் அது படியாது. அதே கடைசல் பட்டறையில் மஞ்சக் கடம்புத் துண்டு கிடந்தால் வாங்கி வாருங்கள், ஆப்புக்கு அதை விட நல்லது இல்லை.

பலருக்கு ஆப்பின் வேலை புரிவதில்லை. பிடியின் வால்முனையில் இரண்டு பலகைக்கும் நடுவே இருக்கும் அந்தச் சின்னத் துண்டு ஒரு பக்கம் தடித்து, மறு பக்கம் மெலிந்து சீவப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சரிவுதான் பலகைகளை வில்லாக வளைத்து, மறுமுனை ஆணியில் கத்தியைக் கவ்விப் பிடிக்க வைக்கிறது. சதுரத் துண்டு வைத்தால் கத்தி லொடலொடவென்று ஆடி ஒரு நாள் வாய் பலகையில் இடிக்கும்.

பலகை வெட்டுமுன் அட்டையில் ஒரு மாதிரி வெட்டி, குண்டூசியால் கத்தியைக் கோத்து மடக்கிப் பாருங்கள். மடங்கிய நிலையில் வாய் முழுக்க உள்ளே ஒளிந்திருக்க வேண்டும், முதுகு மட்டும் வெளியே தலைகாட்டலாம். அட்டையில் சரியாக வந்தால்தான் கொம்பைத் தொடுவது.

ஆணிக்கு 1.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. நகை ஆசாரி வீட்டில் கேட்டால் குட்டிப் பித்தளை வாஷரும் அடித்துத் தருவார்கள். வாஷருக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் கம்பி நீட்டி நிற்கும்படி வெட்டி, உருண்டைத் தலை கொண்ட சின்னச் சுத்தியால் தட்டுங்கள். அறைய வேண்டாம், பைய. சுத்தியின் எடையே போதும். இரண்டு தட்டு இந்தப் பக்கம், திருப்பி இரண்டு தட்டு அந்தப் பக்கம். அவசரப்பட்டால் ஆணி வளையும் அல்லது கொம்பு பிளக்கும்.

11 செப்டம்பர் 2023

முக்கியமானது, நேற்றே எழுதியிருக்க வேண்டும். பழைய பிடிகளில் ஆப்பு பல நேரம் ஈயம். சாம்பல் நிறமாக, நகம் கீறினால் கோடு விழும். அதை உப்புத்தாளால் தேய்த்துப் பொடியாக்க வேண்டாம். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

5 நவம்பர் 2023

ஐப்பசி மழை பிடித்துவிட்டது. என் மேசையில் இருக்கும் பிடிகளை எல்லாம் ஒரு முறை எடுத்துப் பார்த்தேன். கொம்புப் பலகை ஈரம் குடித்து லேசாக வெளிப்பக்கம் வளைந்திருக்கிறது, நல்லெண்ணெய் தடவி வைத்தும்கூட. தை பிறந்தால் திரும்பும், பங்குனியில் உள்பக்கம் வளையும். அந்த ஆட்டத்தில்தான் பழைய கொம்புப் பிடிகள் ஆணி பக்கத்தில் வெடிக்கின்றன. பனம்பலகை அசையவே இல்லை.

ஆகவே ஆகஸ்டில் சொன்ன வரிசையை மாற்றுகிறேன். தினமும் தண்ணீரில் புழங்குகிற கத்தி என்றால் முதலில் பனை. வாரம் ஒரு முறை எடுத்து, துடைத்து, எண்ணெய் போட்டுப் பேணுகிறவருக்குக் கொம்பு. எண்ணெயும் யோசித்துப் போடுங்கள். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுக்கிறது, ஆளிவிதை எண்ணெயோ இறுகி மேலே தோலாகப் படிகிறது. கொம்புக்குத் தேங்காய் எண்ணெய், கொஞ்சமாக, துடைத்து எடுத்தால் போதும். பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், கொம்பைத் தின்னும் வண்டு உண்டு.

24 டிசம்பர் 2023

ஏரல் வாசகர் உயிரோடு, குடும்பத்தோடு பத்திரமாக இருக்கிறார் என்று தெரிந்ததும்தான் நிம்மதி. 17-ஆம் தேதி பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் என்றார்கள். பொருநை (தாமிரபரணி) அப்படி வந்ததை இந்தத் தலைமுறை பார்த்ததில்லை. அவர் வீட்டில் நெஞ்சளவு தண்ணீர் நின்றதாம், கத்திப் பெட்டி சேற்றில் கிடக்கிறதாம். இந்த நேரத்தில் இதைக் கேட்கலாமா என்று தயங்கிக் கேட்டிருக்கிறார். தாராளமாகக் கேட்கலாம். அது அவர் அப்பாவின் தொழில் சாமான்.

சேறு காயுமுன் நல்ல தண்ணீரில் அலசுங்கள். காய்ந்த வண்டலைத் துடைத்தால் மணல் கீறும். பிடியோடு இருக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் முக்கி எடுத்தால் ஆணி இடுக்கில் நிற்கும் தண்ணீரை அது வெளியேற்றும். செல்லுலாய்டு பிடியை மட்டும் ஸ்பிரிட்டில் முக்காதீர்கள், கரையும். கொம்பை வெயிலில் போட வேண்டாம், நிழலில் இரண்டு பலகைக்கு நடுவே பாரம் ஏற்றிக் காயட்டும். முதல் வாரம் தினமும் எண்ணெய். மற்றதெல்லாம் பொறுமையாகப் பார்க்கலாம். பிடி வேண்டுமென்றால் என்னிடம் இருக்கும் பனம்பலகையில் வெட்டி அனுப்புகிறேன், அளவு மட்டும் எழுதுங்கள்.

21 ஜனவரி 2024

வள்ளியூர்த் தம்பி கத்தியைக் கோத்துவிட்டார், பூவரசில். ஆப்பின் சரிவு படத்திலேயே தெரிகிறது, கொள்ளாம். தீட்டுவது எப்படி என்கிறார்.

1000 எண் கல்லில் வாய் முழுக்க ஒரே சீராகக் கோடு விழும் வரை. இதுதான் அஸ்திவாரம், மற்றக் கற்கள் எல்லாம் இதன் மேல் மெருகுதான். பிறகு 4000, 8000, முடிந்தால் 12000. முதுகும் வாயும் கல்லை விட்டு எழும்பக் கூடாது. வாய் முன்னே போகும்படி தள்ளுங்கள், திருப்பும்போது முதுகு மேல் உருட்டுங்கள். கை பாரம் கொடுக்க வேண்டாம். முதுகில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினால் தேய்மானம் டேப்புக்கு, முதுகுக்கு இல்லை.

வாரில், அதாவது கல்லுக்குப் பிறகு கத்தியைத் தடவும் துணி, தோல் பட்டையில், நேர் எதிர்: முதுகு முன்னே, வாய் பின்னே. துணியில் 20 தடவை, தோலில் 40, 50. வார் தொங்கக் கூடாது, விறைப்பாக இருக்க வேண்டும்.

22 ஜனவரி 2024

"சமையல்கட்டுக் கத்தி தீட்டும் சாணைக்காரரிடம் கொடுத்தால் ஆகாதா?" ஆகாது. அவர் சக்கரமும் நான் முதல் நாள் சொன்ன மெருகுச் சக்கரமும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்.

4 பிப்ரவரி 2024

ஒருவர் இப்படிச் சீர்செய்த கத்தியை ஊர்ச் சலூனுக்குக் கொடுத்து, பழைய முறையில் எல்லோருக்கும் சவரம் செய்யச் சொல்லலாம் என்கிறார். அவர் ஆசை புரிகிறது. ஆனால் கூடாது.

எங்கள் அப்பா சலூன் வைத்திருந்தவர். 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டறியப்பட்டது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் விழிப்புணர்வு பரவப் பரவ, சலூன்கள் ஆளுக்கொரு அரைப் பிளேடு மாட்டும் கைப்பிடிக்கு மாறின. அப்பாவும் தம் கத்திகளை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பிஸ்கட் டின்னில் வைத்தார். கைபழகிய கத்தியை விட்டுவிட்டு அந்தத் தகரக் கைப்பிடிக்கு மாறுவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று கூட இருந்து பார்த்தவன் நான். ஆனாலும் ஒரு வாடிக்கையாளருக்குக்கூட அதன் பிறகு பழைய கத்தியை எடுக்கவில்லை. அது தொழில் தர்மம். கொம்புப் பிடியை, செல்லுலாய்டை, மரத்தைக் கொதிக்கவைத்துக் கிருமி நீக்க முடியாது. ஆணி இடுக்கில் என்ன தங்கியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே இந்தக் கத்தி ஒருவருக்கு ஒன்று. பழைய கத்தி கைக்கு வந்ததும், பிடியைக் கழற்றிய நிலையிலேயே, சோப்பு நீரில் கழுவி ஸ்பிரிட்டில் ஊறவைத்துத்தான் வேலையை ஆரம்பியுங்கள். முதல் சில வாரம் கன்னத்தில் மட்டும், தாடியை வெந்நீர்த் துண்டால் நன்றாக இளக்கி, கத்தியைத் தோலுக்கு 30 டிகிரி சாய்த்து, மயிர் போகிற திசையிலேயே இழுங்கள். தாடைக்கும் மேலுதட்டுக்கும் கை தானாகப் பழகிய பிறகு போகலாம்.

வார்த் தோல் எங்கே வாங்குவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பழைய கெட்டி எருமைத்தோல் பெல்ட் இரண்டரை அங்குல அகலத்தில் கிடைத்தால் அதுவே போதும். உள்பக்கத்தை 400 எண் தாளால் தேய்த்து வழுவழுப்பாக்கி, உள்ளங்கையாலேயே அடிக்கடி தடவிக்கொண்டிருங்கள்.